மூன்று சுற்று, ஒன்பது வளைவு

ஹெட்ஃபோனின் இடப்பக்கத்துப் பஞ்சு கிழிந்திருந்தது. உள்ளேயிருந்த பிளாஸ்டிக் விளிம்பு தோட்டை அழுத்த, அமராவதிக்குக் காது மடல் விண்ணென்று வலித்தது. தோட்டைக் கழற்றிவிடலாம், ஆனால் கழற்றி எங்கே வைப்பது, மேசையில் வைத்தால் உருண்டு போகும், தேடுவதற்கு நாலு பேர் தரையில் குனிவார்கள், நீங்க எந்திரிக்காதீங்க, நீங்க இருங்க என்பார்கள், இன்றைக்கு எனக்காக யாரும் குனிய வேண்டாம், வலித்தால் வலிக்கட்டும். வலது தோளில் ஏசிக் காற்று விழுந்துகொண்டிருந்தது. காலுக்கடியில் தரை மெல்ல அதிர்ந்தது. கீழே மோட்டார் பம்புக் கடையில் எதையோ ஓட்டிப் பார்க்கிறார்கள், சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு யார் பம்பு வாங்க வருவார்கள், வருவார்கள், பீளமேட்டில் பம்பு வாங்க எந்நேரமும் ஆள் வரும். அந்தக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஆறு பேர் சேர்ந்து இன்னும் வெளிவராத ஒரு குட்டிக் கார்ப் பந்தய விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது பம்பு வாங்க வருகிறவர்களுக்குத் தெரியுமா. விளையாட்டுக்குப் பெயர் 'சர்ருனு'. அந்தப் பெயரைக் கேட்டு முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது ஐந்து மாதத்துக்கு முன்னால். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை விடாமல் வருகிறாள், வாரத்தில் ஐந்து நாள் பஸ் டிக்கெட் கம்பெனியில் போனில் திட்டு வாங்குவது, ஆறாம் நாள் இங்கே வந்து மலைப்பாதையில் முட்டி மோதுவது. பார்வையில்லாத ஒருத்தி காதால் கேட்டே இந்த வண்டியை ஓட்ட முடியுமா என்பதுதான் சோதனை, ஓட்டுகிறவள் அவள். கன்ட்ரோலர் வியர்வையில் வழுக்கியது. துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்த கையோடு மறுபடி வியர்த்தது.

"ரெடிங்களா அமராவதி?" என்று பின்னாலிருந்து நிர்மலா கேட்டாள். இந்த இடமே நிர்மலாவுடையது, குரல் எப்போதும் எங்கோ கிளம்பிக்கொண்டிருப்பவளின் குரல். "திரையை அணைச்சிடலாமா? அப்பத்தான் சரியான சோதனையா..." என்றவள் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டது கூடக் கேட்டது. அமராவதி, "உங்க இஷ்டங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். ஒரு நொடி யாரும் சிரிக்கவில்லை, அப்புறம் எல்லோரும் சேர்ந்து தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்கள், பாவம் நல்லவர்கள். சற்று முன்னால்தான் நிர்மலா பட்டியலைப் படித்துக் காட்டினாள். ஐந்து மணிக்குள் அந்தப் பட்டியல் விளையாட்டை விற்கப்போகிற கம்பெனிக்குப் போக வேண்டும், நாளைக்கு உலகம் முழுக்க அறிவிப்பு. ஒன்று, எட்டு ஓட்டுநர்கள். இரண்டு, பன்னிரண்டு தடங்கள், தேயிலைமலை, கடல்பாலம், மாட்டுச்சந்தை என்று போகும். மூன்று, ஒரே திரையில் நாலு பேர். நாலு, ஓடும்போதே மாறும் வானிலை. ஐந்து, டயரிலிருந்து இருக்கைவரை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். ஆறு, அடுத்தவனைச் சுழற்றிவிடப் பம்பரம், இடித்துத் தள்ள இளநீர், மறைந்துகொள்ளப் புழுதி. ஏழு, தன் பழைய ஓட்டத்தோடு தானே போட்டி போடும் நிழல் வண்டி. எட்டு, மாதம் ஒரு திருவிழாப் பந்தயம். ஒன்பது என்று சொல்லி நிறுத்தினாள். "ஒன்பது காலியா இருக்குங்க. மூணு சுத்தும் நாலு நிமிஷத்துக்குள்ள, யாரும் சொல்லித் தராம நீங்க முடிச்சீங்கன்னா ஒன்பது போடுவேன். இல்லைன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். போட்டுட்டு குடுக்காம விட்டா அதை மாதிரி துரோகம் வேற இல்ல. நம்பி வாங்கறவங்க ஏமாறக் கூடாதில்லைங்களா?" அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாத்துக்கலாம், அமராவதியின் ஆயுசில் பாதி அந்தச் சொல்லுக்குள்தான் போயிருக்கிறது. வேலை பாத்துக்கலாம், படிப்பு பாத்துக்கலாம். எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. ஷாகுல். ஒலி எல்லாம் அவன் வேலை, முப்பது வயது இருக்கும், டீயும் சூயிங்கமும் கலந்த வாசனை. "அக்கா, நான் வாயைத் தொறக்க மாட்டேன். தொறந்தா செல்லாதுன்னுட்டாங்க." வாயைத் திறக்கவில்லையே தவிர, அவன் மூச்சு வாங்குவது கேட்டது, அவளைவிட அவனுக்குத்தான் பயம். முதல் வாரம் அவன் வைத்திருந்தது வெறும் பீப் பீப், வலது ஓரத்துக்கு ஒரு பீப், இடது ஓரத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில் யாருக்கோ உயிர் ஊசலாடுகிற மாதிரி. இதை வைத்துக்கொண்டு விளையாடினால் விளையாட்டாகவா இருக்கும் என்று அவள்தான் கேட்டாள். ரோடு மாதிரி சத்தம் போடக்கூடாதா. இடது ஓரத்தில் ஜல்லி நெரியட்டும், வலது ஓரத்தில் காய்ந்த புல் உரசட்டும், நடுவில் தார். கேட்டவுடன் அவன் குதித்தான். அடுத்த வாரம் ஜல்லி வந்துவிட்டது, எங்கேயோ வீடு கட்டுகிற இடத்தில் போய் நடந்து பதிவு செய்தானாம், வாட்ச்மேன் துரத்தினானாம். வளைவு வருவதைச் சொல்ல மட்டும் சைக்கிள் மணி வைத்திருந்தான். இது வேண்டாம் என்றாள். ஏன்க்கா நல்லாத்தானே இருக்கு. வேண்டாம் ஷாகுல். ஏனென்று அவள் சொல்லவில்லை, அவனும் திரும்பக் கேட்காமல் கண்டக்டர் விசிலை வைத்தான். இடது வளைவென்றால் இடது காதில், வலது என்றால் வலது காதில், விசில் எவ்வளவு நீளமோ அவ்வளவு வளைவு. ஒரு சுற்றுக்கு ஒன்பது விசில்.

டிரம் மூன்று தட்டுத் தட்டியது, நாலாவது தட்டில் எட்டு வண்டியும் ஒன்றாகச் சீறின. பெருவிரல் தானாக அழுத்திவிட்டது. கன்ட்ரோலர் உள்ளங்கையில் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. முதுகுப் பக்கம் தள்ளுகிற மாதிரி இருந்தது, நாற்காலி நகரவில்லை, நகர்கிறது, நகர்கிற எதுவும் இல்லை, ஆனாலும் வயிற்றுக்குள் என்னமோ பின்தங்கி நின்றுகொண்டு ஏய் என்னை விட்டுட்டுப் போறியே என்றது. வலது காதில் விசில், குட்டையாக, லேசாகத் திருப்பினாள், புல் உரசியது, போதும் போதும், தார். மறுபடி வலது. அப்புறம் இடது காதில் நீள விசில், இது கொண்டை ஊசி, மூன்றாவது வளைவு, இங்கேதான் எப்போதும் மோதுவாள், பெருவிரலை எடுத்து, சுண்டு விரல் வரைக்கும் காதாகி, ஜல்லி நெரிகிறது, நெரியட்டும், பல்லில் மண் கடிபடுகிற மாதிரி, அவ்வளவுதான், தார். தாண்டியாயிற்று. பன்னிரண்டு வருஷமாக அவள் கையால் ஓடியது எதுவும் நடையைவிட வேகமாக ஓடியதில்லை. பஸ் ஓடும், ஆட்டோ ஓடும், அதில் அவள் மூட்டை. கதிரேசன் நல்ல மனுஷன், கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் அவள் முழங்கையை முரட்டுத்தனமாகப் பிடித்ததில்லை, பாத்து, படி வருது பாத்து, பாத்து கண்ணு, அன்பாகத்தான் சொல்கிறான், அன்பான கை முழங்கையில் இருக்கும்போது வேகமாக நடந்தால் அது அன்பை உதறுகிற மாதிரி ஆகிவிடும், அதனால் அவன் வேகமே அவள் வேகம், அது வாழைமரம் வளருகிற வேகம். இங்கே முழங்கை காலி. விசில் இடது, விசில் வலது, ஐந்தாவது வளைவில் அருவி. வலது காதில் தூரத்தில் இரைச்சலாகத் தொடங்கிப் பக்கத்தில் வந்து முகத்தில் சாரல் அடிக்குமோ என்று பயப்படும்படி கொட்டிவிட்டுப் பின்னால் போயிற்று. கல்லாறு பக்கம் ஒரு நாள் முழுக்க நனைந்து பதிவு செய்தேன்க்கா, சளி பிடித்தது ஒரு வாரம் என்று ஷாகுல் முன்பொரு நாள் சொல்லியிருந்தான். முன்னால் ஒரு வண்டி இருமுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதை வலப்பக்கமாகத் தாண்டினாள். தாண்டிவிட்டேனா, தாண்டிவிட்டாள், அதன் இருமல் இப்போது முதுகுக்குப் பின்னால். ஏழு, எட்டு, ஒன்பது, டிரம் ஒரு தட்டு. ஒரு குரல் "முதல் சுற்று, ஐந்தாம் இடம், ஒரு நிமிடம் ஒன்பது நொடி" என்றது. ஷாகுலின் நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. ஐந்தாம் இடமா. எட்டில் ஐந்தா. பின்னால் நிர்மலா "ம்" என்றாள், அந்த ம்மில் எந்தப் பக்கமும் இல்லை.

இன்னும் இரண்டு சுற்று, இதே மாதிரி ஓட்டினால் மூன்றரை நிமிஷம்கூட ஆகாது என்று மனசு கணக்குப் போட்டது, கணக்குப் போடுகிற மனசு காதை விட்டுவிடும், போடாதே, விசிலைக் கேள். வலது. வலது. கொண்டை ஊசி. இந்த முறை ஜல்லிகூட நெரியவில்லை. ஒன்பதாவது வரியில் என்ன எழுதுவார்கள். விளையாட்டு வெளிவந்ததும் சேலத்தில் விழிச்சவால் பள்ளியில் கூடப் படித்த, இல்லை, கூடப் பயிற்சி எடுத்த பாக்கியம் வாங்குவாளா, பாக்கியத்தின் அண்ணன் பிள்ளைகள் விளையாடும்போது அவளை நடுவராக உட்கார வைக்கிறார்களாம், நடுவர், பார்க்காத நடுவர், அவள் கையில் இதைக் கொடுத்தால், விசில் இடது, நாலு, அந்தப் பிள்ளைகளைத் துவைத்து எடுத்துவிடுவாள். சிரிப்பு வந்தது. அருவி தூரத்தில் தொடங்கியது. அப்போதுதான் இடது பக்கம், ஜல்லிக்கும் அந்தப் பக்கத்திலிருந்து, ரீங்காரமாக ஒன்று வந்தது. என்னவென்று தெரியும், பம்பரம், யாரோ விட்ட பம்பரம், ஷாகுல் அதைத் தனியாகக் கேட்க வைத்திருக்கிறான், வலப்பக்கம் ஒதுங்கினால் போதும், அரை நொடி இருக்கிறது. ஒதுங்கவில்லை. விரல் உறைந்தது. இடது பக்கமிருந்து வருகிறது, இடது பக்கமிருந்து வந்துகொண்டே இருக்கிறது. வண்டி உலுக்கி எறிந்தது, ஜல்லி வலது காதில், அருவி தலைக்குப் பின்னால், புல், அருவி, ஜல்லி, எல்லாம் ராட்டினம் சுற்றி, கன்ட்ரோலர் ஒரு துடி துடித்து நின்றது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவினாசி ரோட்டில் மணி ஆறு இருக்கும், ஐப்பசி மாதம், ஹோப் காலேஜ் சிக்னலைத் தாண்டி ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை, குடுவையில் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த இளஞ்சிவப்பு ஒரு சொட்டில் வந்துவிடும். கண்ணுக்கு நேரே நடுவில் இருப்பது தெரிந்தது. ஓரங்கள்தான் இல்லை, இடது ஓரம் முதலில் போனது, யாரோ ஜன்னல் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துகிற மாதிரி. வாளியில் தடுக்கினாள், நிலையில் இடித்துக்கொண்டாள், கவனம் போதவில்லை என்றாள் அம்மா. இரண்டு மாதத்துக்கு முன்பே கண் டாக்டர் சொல்லிவிட்டார், வண்டி ஓட்டக் கூடாதும்மா, பகலிலும் கூடாது. சரிங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சாவியைத் திருகி ஸ்கூட்டியை எடுத்தாள். ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள், இந்த வாரம் மட்டும். நிறுத்தினால் எல்லாரும் ஏன் என்பார்கள், சொன்னால் அது நிஜமாகிவிடும். அந்த ஆளை அவள் பார்க்கவே இல்லை. மணிச் சத்தம் ஒன்று கேட்டது, கிணிங் என்று ஒரே ஒரு தடவை, இடது பக்கம், அப்புறம் வானம். விழுந்து கிடந்தபோது எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் ரோடு என்று தெரியவில்லை. சாப்பாட்டு டப்பா ஒன்று உருண்டு உருண்டு ரசம் வாசனையாக நின்றது. ஐம்பது வயது மனுஷர், மில்லில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் கூடியது. திடீர்னு வந்துட்டாருங்க என்றாள் அவள், அழுதுகொண்டே. அழுகிற பெண்ணைப் பார்த்ததும் கூட்டம் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஏய்யா, சைக்கிளை இப்படியா விடறது, பொம்பளைப் புள்ள விழுந்து கிடக்குது பாரு. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் செய்ததை நினைத்துப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்சம் யோசித்தார். "என்ர தப்புதானுங்க" என்றார். "கண்ணு, உனக்கு அடி படலையே?" அவ்வளவுதான். யாரோ ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பேர்கூடத் தெரியாது. என்ர தப்புதானுங்க. ஸ்கூட்டி அன்றைக்கு நின்றதுதான், ரோடு பயமாயிருக்கிறது என்று வீட்டில் சொன்னாள், நம்பினார்கள். அம்மாவுக்குத் தெரியாது, கதிரேசனுக்குத் தெரியாது. கண்ணைக் கடவுள் எடுத்துக்கொண்டார் என்று ஊரார் பரிதாபப்படும்போதெல்லாம் உள்ளே ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து என்ர தப்புதானுங்க, என்ர தப்புதானுங்க.

ஒரு வண்டி அவளைத் தாண்டிப் போனது. இன்னொன்று. மூன்றாவது இருமிக்கொண்டே போனது. எத்தனை நேரமாக நிற்கிறேன். ஷாகுல் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தான், விடவில்லை, அவன் விடட்டும், இல்லாவிட்டால் செத்துப்போவான். வைத்துவிட்டு எழுந்துவிடலாம். ஹெட்ஃபோனைக் கழற்றி, முடியலைங்க, மன்னிச்சுக்குங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். எல்லாரும் பரவாயில்லை என்பார்கள், பரவாயில்லை என்று சொல்வதற்குத் தயாராகவே இருப்பார்கள், ஒரு டீ வரும். அருவி கொட்டிக்கொண்டிருந்தது. நிற்கிறவளுக்காகவும் அது நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து கொட்டுகிறது. அவள் கேட்டாள். இடது காதில், கொஞ்சம் பின்னால். ஆனால் போகும்போது அருவி வலது பக்கம் அல்லவா வர வேண்டும். அப்படியானால் வண்டி வந்த வழியைப் பார்த்து நிற்கிறது, முகம் கீழ்நோக்கி. அன்றைக்கு ரோட்டில் கிடந்தபோது தெரியாதது இன்றைக்குத் தெரிந்தது, எந்தப் பக்கம் முகம் என்று தெரிந்தது. பெருவிரலை மெல்ல வைத்தாள். வண்டி ஊர்ந்தது. இடதாகத் திருப்பத் திருப்ப அருவி மூக்குக்கு நேரே வந்தது, இன்னும் திருப்பினாள், வலது காதுக்குள் நகர்ந்தது, அங்கே நிறுத்தினாள். தார். முன்னால் எங்கேயோ ஆறாவது விசில் மெல்லக் காத்திருந்தது. போனாள்.

இரண்டாவது சுற்று முடிந்தபோது அந்தக் குரல் "எட்டாம் இடம்" என்றது. நேரத்தையும் சொன்னது. அதை அவள் காதில் வாங்கவில்லை. பந்தயம் முடிந்துவிட்டது, இனி ஓட்டுவது மட்டும்தான் பாக்கி, முன்னாலும் யாருமில்லை பின்னாலும் யாருமில்லை, காலி மலை. பயம் போயிற்றா என்றால் போகவில்லை, இடது பக்கம் உட்கார்ந்துதான் வந்தது, வரட்டும், நாற்காலியிலா இடமில்லை. ஆனால் காதுகள் அகலமாகத் திறந்துவிட்டிருந்தன. மூன்றாவது வளைவில் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரம் ஓடுவது, இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் கேட்டாள், எங்கோ கீழே, யாருக்கும் தேவையில்லாத ஒரு சத்தம், இதையும் பதிவு செய்து வைத்திருக்கிறானா இந்தப் பையன். ஏழாவது வளைவில் ஒரு பறவை. அவள் பெருவிரலை எடுக்கவே இல்லை, எட்டு, ஒன்பது, டிரம் நாலு தட்டு தட்டி அடங்கியது. "எட்டாம் இடம். நான்கு நிமிடம் இருபத்தாறு நொடி."

ஹெட்ஃபோனைக் கழற்றியதும் அறை சின்னதாகிவிட்டது. ஏசி, பம்பு, யாரோ செருப்பைத் தேய்ப்பது. ஷாகுல்தான் முதலில் வாயைத் திறந்தான், அவசர அவசரமாக, நிர்மலாவைப் பார்த்து. "என் தப்புங்க. பம்பரத்தோட சத்தம் இடது பக்கம் பத்தலை. ஜல்லி அதை அமுக்கிடுச்சு. நேத்தே சரி பண்ணியிருக்கணும், விட்டுட்டேன். என் தப்புதாங்க."

அமராவதி சும்மா இருந்தால் போதும். அவன் சொன்னதை யாரும் மறுக்கப் போவதில்லை, அவன் நல்ல பையன், திட்டு வாங்கிக்கொண்டு ராத்திரி பகலாகச் சரிசெய்வான், சரியாக இருக்கிற ஒன்றைச் சரிசெய்துகொண்டே இருப்பான். "நின்னீங்களே அமராவதி, நாப்பது நொடி, சத்தம் கேக்கலைங்களா?" என்று நிர்மலா கேட்டாள். கேட்கவில்லை என்று ஒரு சொல்.

"கேட்டுச்சுங்க" என்றாள். குரல் தன்னுடையதா என்று சந்தேகம் வந்தது. "தெளிவாக் கேட்டுச்சு. அவன் மேல தப்பில்ல. சத்தத்துல ஒரு குறையும் இல்ல. நான்தான் பயந்து நின்னுட்டேன்." போதும், இவ்வளவு போதும் என்றது மனசு, வாய் கேட்கவில்லை. "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஒருத்தர வண்டியில இடிச்சிட்டேனுங்க. இடது பக்கம் எனக்குக் கண்ணு தெரியாதுன்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறமும் ஓட்டினேன். அவரு மேலதான் தப்புன்னு எல்லாரும் சொன்னாங்க, நான் பேசாம இருந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. இடது பக்கமிருந்து ஏதாவது வந்தா எனக்குக் கை ஓடாது. அது என் தப்பு, இந்த விளையாட்டோடது இல்ல."

கீழே பம்பை நிறுத்திவிட்டார்கள் போல, தரை அசையாமல் இருந்தது. யாராவது ஏதாவது சொல்லட்டும், திட்டட்டும். ஷாகுல், "அதான் மணி வேண்டாம்னீங்களாக்கா?" என்றான், மெதுவாக. ஆமாம் என்று தலையாட்டினாள். "அவரு பேரு?" "தெரியாது." "மில்லு?" "சிக்னலுக்குப் பக்கத்துல இருந்த மில்லுதான். இப்ப மூடிட்டாங்க." அவன் நாற்காலி அவள் பக்கம் திரும்பியது. "எங்க மாமு அங்கதான் வேலை பாத்தாரு. கேட்டுப் பாக்கலாம்க்கா. கண்டுபிடிச்சா போய்ப் பாக்கறீங்களா?" போய் என்ன சொல்வது, வாசலில் நின்று எப்படித் தொடங்குவது, அவர் இருக்கிறாரோ இல்லையோ, மணிக்கட்டு கூடியதோ இல்லையோ. "கேளு" என்றாள். "போறேன்." சொன்னதும் முதுகெலும்பில் ஒரு கணு இறுக்கம் விட்ட மாதிரி இருந்தது. இதை இன்றைக்கே கதிரேசனிடமும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வைத்துச் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய், அவன் உட்கார்ந்த பிறகு.

நிர்மலா நடக்கிற சத்தம் கேட்டது, ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தது. "எனக்கு ஒண்ணு புரியலைங்க" என்றாள். "பம்பரம் அடிச்சா எங்க டெஸ்டர்ல பாதிப் பேரு வந்த வழியே திரும்பி ஓட்டறாங்க. கண்ணால பாத்துட்டே. தப்பு வழின்னு சிவப்புல எழுத்துப் போடறோம், அப்பவும் ஓட்டறாங்க. நீங்க ஒரே தடவையில சரியாத் திரும்பினீங்க. எப்படி?"

"அருவிங்க."

"எந்த அருவி?"

எந்த அருவி என்று கேட்கிறாளே, அவள் ஆபீசில் அவள் விளையாட்டில் கொட்டுகிற அருவி. அமராவதி எழுந்து நாற்காலியை விட்டாள். "உக்காந்து கேளுங்க. கண்ணை மூடிக்குங்க." நிர்மலா உட்கார்ந்தாள். நிஜமாவே மூடிட்டாங்க என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். டிரம் தட்டியது. நாலு நொடியில் மோதினாள். பின்னால் எடுத்து நேராக்கி மறுபடி மோதினாள். ஐயோ இதென்ன, எங்க இருக்கேன் நான், என்று அந்தக் கிளம்பிக்கொண்டே இருக்கிற குரல் முதல்தடவையாக ஒரே இடத்தில் நின்று கத்தியது. அமராவதி அவள் தோளில் கைவைத்தாள். "நெரியறது ஜல்லி, நீங்க இடது பக்கம் போயிட்டீங்க. வலது. ரொம்ப வலது. புல்லு கேக்குதுங்களா? நடுவுக்கு வாங்க. விசில் வரும்வரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க." விசில். "இப்போ." தோள் கையோடு சேர்ந்து திரும்பியது. மோதவில்லை. "ஆ" என்றாள் நிர்மலா, சின்னப் பிள்ளை மாதிரி. அருவிவரை போய்ச் சேர ஐந்து நிமிஷம் ஆயிற்று, ஏழு தடவை முட்டினாள். அருவிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். "ஒரு வருஷமா இந்த இடத்தைத் தினமும் பாக்கறேன்" என்றாள் கடைசியில். "தண்ணி விழற சத்தம் இருக்குன்னே தெரியாது." "பதிவு பண்ணிட்டு வந்து ஒரு வாரம் சளியில கிடந்தேன், மேடம், லீவு எதுக்குன்னு கேட்டீங்க" என்றான் ஷாகுல்.

நிர்மலா விசைப்பலகை தட்டும் சத்தம் எழுந்தது. மணி மூன்றரை. "நாலு நிமிஷம்னு ஏன் சொன்னேன்னு இப்ப எனக்கே தெரியல. கண்ணு தெரிஞ்சவங்க எத்தனையோ பேரு ஆறு நிமிஷம் எடுத்துக்கறாங்க, அவங்களை யாரும் தள்ளி வைக்கறதில்ல. ஒன்பது போடறேன். எப்படி எழுதட்டும்? பார்வையற்றவர்களுக்கான சிறப்பு வசதி?" விரல்கள் காத்திருந்தன. அமராவதிக்கு அந்தச் சொற்கள் பாத்து கண்ணு பாத்து என்று முழங்கையைப் பிடித்தன. "யாருக்குன்னு போட வேண்டாங்க" என்றாள். "இப்பதான் நீங்களே ஓட்டினீங்க. கேட்டும் ஓட்டலாம், அப்படின்னு போடுங்க. வேணுங்கறவங்க கேட்டுக்குவாங்க." தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். படித்துக் காட்டினாள். "ஒன்பது. கேட்டும் ஓட்டலாம். பன்னிரண்டு தடத்திலும்." அப்புறம் தானே தயங்கி, "பன்னெண்டும் சரியா வருமா ஷாகுல்?" என்றாள். "விசில் எல்லாத்துலயும் வச்சாச்சு. ஆனா அக்கா இதுவரைக்கும் மலையில மட்டுந்தான் ஓட்டியிருக்காங்க. மத்ததுல யாரும் ஓட்டிப் பாக்கல" என்றான்.

கீழே கதிரேசன் வந்திருப்பான், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அமராவதி தோட்டைக் கழற்றினாள், இரண்டையும், ஷாகுலின் கையைத் தேடி உள்ளங்கையில் வைத்து, "பத்திரம், தொலைச்சா நீதான் குனியணும்" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினாள்.

"எது போடட்டும்க்கா?"

"எனக்குத் தெரியாததாப் போடு."

டிரம்முக்கு முன்னால் ஒரு நொடி அமைதி. அப்புறம் இரண்டு காதிலும் காற்று, மலைக்காற்று இல்லை, உப்புக் காற்று, அகலமாக, தடுப்பதற்கு எதுவும் இல்லாத இடத்திலிருந்து வருகிற காற்று. காலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில் அலை மோதியது. இரும்புத் தளத்தில் எட்டு வண்டிகள் சிணுங்கி நின்றன. ஓரத்தில் ஜல்லி இருக்காது, புல் இருக்காது, என்ன வைத்திருக்கிறானோ. முதல் துளி தலைக்கு மேலே தகரத்தில் விழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு மழை. டிரம் ஒன்று. இரண்டு. அவள் பெருவிரலை வைத்தாள்.